இரும்புக் குதிரை – 9: முந்நூறு பவுண் ஜீப்

சென்ற வாரம் உங்களைச் சென்னைத் துறைமுகத்தில் வெயிலில் நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். இந்தியப் படைக்காக வந்த 155 ஜீப்பும் கப்பலிலிருந்து இறங்கியாயிற்று. ஓடினவா, ஓடவில்லையா? அதைச் சொல்வதற்குள் ‘தொடரும்’ விழுந்துவிட்டது.

கோபம் வரத்தான் செய்யும். வரிப்பத்தான்சேனைச் சந்தியில் பிளேன்டீ குடித்துவிட்டுச் சைக்கிளில் ஏறப்போனேன். ஒருவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

“ஓடிச்சா இல்லையா? அத மட்டும் சொல்லிப்போட்டுப் போங்க.”

சொல்கிறேன். இந்த வாரமே சொல்கிறேன். ஆனால் நடுவில் ஒரு கேள்வி நிற்கிறது. அதைத் தாண்டாமல் துறைமுகத்துக்குப் போனால் பாதிக் கதைதான் கையில் கிடைக்கும்.

ஒரு ஜீப்பின் விலை என்ன?

ஆலையை விட்டுப் புத்தம் புதிதாக வெளியே வந்தபோது, அதை வாங்கிய அரசாங்கம் எவ்வளவு எண்ணிக் கொடுத்தது?

நம் பக்கத்து ஆட்களுக்கு ஜீப்பை அறிமுகம் செய்யத் தேவையில்லை. இங்கினியாகலையில் அணை எழும்பிய காலத்து வண்டிகளைப் பற்றி இன்றும் திண்ணைகளில் பேச்சு உண்டு. வட்டைக்குள் சேறும் வரம்பும் பாராமல் நுழைகிற வண்டி என்றால் அந்தக் காலத்தில் ஜீப்தான். போடியாரின் ஜீப் களவெட்டிப் பக்கம் திரும்பினால் சூடு மிதிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நெல்லுக்கு அவணக் கணக்கு, கூலிக்குக் கைக்கணக்கு, எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஜீப்புக்கு முதலில் என்ன விலை என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

நாம் கேட்போம். அதற்கு ஒரு மாலைப் பொழுதுக்குப் போக வேண்டும்.

1940 செப்டம்பர் 23. அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்துக்கு வெளியே ஹோலபேர்ட் என்ற இராணுவ முகாம். அதன் வாசலில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐந்து மணிக்குள் ஒரு வண்டி வந்து சேர வேண்டும்.

வந்தால் ஒரு கம்பனி பிழைக்கும். வராவிட்டால் செத்தது.

அந்தக் கம்பனியின் பெயர் பாண்டம். பென்சில்வேனியாவில் பட்லர் என்ற சிற்றூரில் சின்னக் கார் செய்த கம்பனி. அமெரிக்கர்களுக்குச் சின்னக் கார் பிடிக்கவில்லை. ஆலை மூடிக் கிடந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் மட்டும் மிச்சம். அந்த நேரத்தில்தான் இராணுவம் டெண்டர் கேட்டது. நாலு சில்லும் இழுக்கிற ஒரு சின்ன வண்டி. முதல் வண்டியை 49 நாளில் தர வேண்டும். மொத்தம் 70 வண்டியை 75 நாளில் முடிக்க வேண்டும். தாமதமாகும் நாளுக்கு அபராதம்.

135 கம்பனிகளுக்குக் கடிதம் போனது.

இரண்டே இரண்டுதான் விலை கூறின. பாண்டம் ஒன்று, வில்லிஸ் மற்றொன்று. மற்றவர்கள் காகிதத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டு மூடியிருப்பார்கள். 49 நாளில் புது வண்டியா?

பாண்டத்திடம் அதை வரைய ஓர் ஆள்கூட இல்லை. டெட்ராய்ட்டிலிருந்த கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியியலாளரைக் கெஞ்சி வரவழைத்தார்கள். கையில் காசு தர வழியில்லை. டெண்டர் கிடைத்தால் கூலி, கிடைக்காவிட்டால் இல்லை. முதலில் மறுத்தவர்தான் அவர். அரசாங்கத்துக்காக ஆலைகளை முடுக்கிக்கொண்டிருந்த வில்லியம் நட்சன் சொல்லியனுப்பிய பிறகு மனம் மாறினார்.

நட்சன் என்றதும் கல்லோயாக்காரர்களுக்குக் காது நிமிரும். நம் அணையைக் கட்டியது மொரிசன்-நட்சன் கம்பனி. அந்த நட்சன் வேறு, இந்த நட்சன் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ப்ராப்ஸ்ட் காரில் புறப்பட்டார். வழியிலேயே அச்சுச் செய்கிற ஆலையில் இறங்கி, முன் அச்சுக்கு வழி பார்த்தார். பட்லருக்கு வந்து பலகையில் தாளை விரித்தார். இரண்டு நாளில் படம் முடிந்தது. மூன்றாம் நாள் விலைக் கணக்கு.

அங்கேதான் சிக்கல்.

இராணுவம் கேட்ட எடை 1,300 இறாத்தல். ப்ராப்ஸ்ட் கூட்டிப் பார்த்தார். 1,850 வந்தது.

ஞாயிறு இரவு பால்ட்டிமோரில் கம்பனியின் ஆள் பெய்ன் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். இப்படியே கொண்டுபோனால் வாசலிலேயே தள்ளிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். இரவோடு இரவாகத் தட்டச்சுக்காரரைப் பிடித்து, எடையை 1,300க்குள் அடக்கி, புதிய தாளில் அடித்தார்கள்.

பொய்தான். ஆனால் இந்த எடையில் யாராலும் செய்ய முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். செய்யத் தொடங்கிய பிறகு இராணுவத்துக்கும் தெரிந்துவிடும் என்பதும் தெரியும். சந்தையில் மாடு விற்கிறவன் பல்லைக் காட்டுகிற மாதிரிதான். நான் இதை நியாயப்படுத்தவில்லை. அவர்களின் வயிறு அப்படிக் காய்ந்திருந்தது.

மறுநாள் காலை டெண்டர் திறந்தார்கள். வில்லிஸின் விலை குறைவு. ஆனால் 49 நாளில் முடியாது, கூடுதல் நாள் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கூடுதல் நாளுக்கெல்லாம் அபராதத்தைக் கூட்டிப் பார்த்தபோது வில்லிஸ் விலை ஏறிவிட்டது.

வேலை பாண்டத்துக்கு.

70 வண்டிக்கு மொத்தம் 171,185 டொலர் 75 சதம். ஒன்றுக்கு ஏறத்தாழ 2,445 டொலர். இந்த எண்ணை ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 49ஆம் நாள்.

வண்டி தயார். ஓட்டுகிறவர்கள் ப்ராப்ஸ்டும் ஆலைப் பொறுப்பாளர் ஹரல்ட் கிறிஸ்ட்டும். லொறியில் ஏற்றி அனுப்ப மனமில்லை. ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு போனால் சோதனையும் ஆகிவிடும். ஆனால் எஞ்சின் புதிது. புது எஞ்சினை முதலில் மெதுவாகத்தான் பழக்க வேண்டும். மணிக்கு 25 மைலுக்கு மேல் போகாமல் ஆரம்பித்தார்கள்.

மலை ஏற்றம். இறக்கம். நேரம் போகிறது.

ஒரு கட்டத்தில் ப்ராப்ஸ்ட் மணிக்கூட்டைப் பார்க்கிறார். இந்த வேகத்தில் போனால் முகாம் வாசலைப் பூட்டிவிடுவார்கள்.

கால் அழுந்தியது.

பழக்கமாவது மண்ணாவது. கையால் தட்டிச் செய்த அந்த ஒரே வண்டி, இதற்கு முன் உலகத்தில் இல்லாத அந்த வண்டி, வளைவுகளில் குதித்துக்கொண்டு பறந்தது. ஓர் ஆணி கழன்றால் போதும். ஒரு பைப் வெடித்தால் போதும்.

நாலரை மணி.

முகாம் வாசலுக்குள் நுழைந்தார்கள். அரை மணி நேரம் மிச்சம்.

கொள்வனவு அதிகாரி மேஜர் லோஸ் தானே ஏறி ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் போதும், தாள் வேண்டாம். ஆனால் எடையை யாராவது கேட்பார்களே! கேட்டார்கள். 1,800க்கு மேல் என்று ப்ராப்ஸ்ட் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சுற்றி நின்றவர்கள் மௌனம். அப்போது ஆட்டுக்கல் மாதிரி உடம்புள்ள ஒரு குதிரைப்படை அதிகாரி, பள்ளத்தில் விழுந்தால் இரண்டு பேர் தூக்கிவிட முடிந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே வண்டியின் பின்பக்கம் போனார். குனிந்தார். தனி ஆளாகவே பின்பகுதியைத் தூக்கினார். தலையை ஆட்டினார்.

இது ப்ராப்ஸ்ட் பின்னாளில் சொன்ன கதை. கொஞ்சம் உப்பு, புளி கூடியிருக்கலாம். கூடியிருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அந்த அரை மணி நேரத்தில் ஜெயித்தது வண்டி. பாண்டம் ஜெயிக்கவில்லை.

ஏனென்றால் இராணுவத்தின் மனதில் வேறு கணக்கு ஓடியது. இது சின்ன ஆலை. ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்குமா? படத்தை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டினார்கள். மூன்று பேரையும் போட்டியில் விட்டார்கள். எடை வரம்பை 2,160 இறாத்தலாக உயர்த்தினார்கள். அப்போதும் வில்லிஸ் வண்டி பாரம். அதன் தலைமைப் பொறியியலாளர் ரூஸ் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். நீளமான போல்ட்டின் நுனியை வெட்டினார். பெயின்ட்டைக்கூட ஒரு பூச்சோடு நிறுத்தினார். சில அவுன்ஸ் மிச்சத்தில் உள்ளே அடங்கியது. கொஞ்சம் தூசி படிந்திருந்தால் வரம்பு தாண்டியிருக்கும் என்று சொல்வார்கள்.

அடுத்த வருடம் 16,000 வண்டிக்கு ஓடர் போனது. வில்லிஸுக்கு.

விலை?

ஒரு ஜீப் 750 டொலரைத் தொடவில்லை.

பாருங்கள். கையால் செய்த முதல் வண்டிகள் 2,445. வரிசையில் நிறுத்தி ஆயிரக்கணக்கில் அடித்தபோது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நல்ல எஞ்சின், அறுபது குதிரை வலு, நாலு சில்லும் இழுக்கும், புத்தம் புதுசு.

நம் காசில் எவ்வளவு? அப்போது இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் ஒரே பெறுமதி. ஒரு பவுணுக்கு 13 ரூபாய் 33 சதம் அளவு. ஒரு பவுணுக்கு நாலு டொலர் சொச்சம். (பவுண் என்றதும் கழுத்து நகையை நினைக்காதீர்கள். இது இங்கிலாந்துக் காசு.) அந்தக் கணக்கில் புது ஜீப் ஒன்று அமெரிக்க அரசாங்கத்துக்கு ஏறக்குறைய 2,500 ரூபாய்.

இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி லண்டன்.

போர் முடிந்துவிட்டது. இந்தியா சுதந்திரம் பெற்றுவிட்டது. காஷ்மீரில் சண்டை. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிதான் படைக்கு உயிர். டெல்லியிலிருந்து கேட்கிறார்கள்: ஜீப் வேண்டும், உடனே வேண்டும்.

கேட்டது யாரிடம்? லண்டனில் இந்தியாவின் முதல் உயர் ஆணையர் வி. கே. கிருஷ்ண மேனனிடம்.

இவரைப் பற்றி ஒரு வாரம் தனியாக எழுதலாம். கோழிக்கோட்டுக்காரர். சென்னையில் படித்தவர். 1924 முதல் லண்டன்வாசி. சுதந்திரத்துக்காக அந்த ஊரில் கூட்டம் போட்டுப் போட்டே தொண்டை தேய்ந்தவர். தேநீரிலேயே உயிர் வாழ்கிற மனிதர் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். தூக்கம் குறைவு. பொறுமை அதைவிடக் குறைவு. கோப்பு, குறிப்பு, மேலதிகாரியின் ஒப்புதல் என்று சுற்றிச் சுற்றி வருகிற அலுவலக வழக்கத்தைக் கண்டாலே அவருக்கு எரிச்சல்.

அவர் மேசைக்கு ஓர் ஒப்பந்தம் வந்தது.

2,000 ஜீப். போரில் ஓடிய பழைய வண்டிகள். பழுது பார்த்து, பெயின்ட் அடித்துத் தருவார்கள். ஒன்றுக்கு 300 பவுண்.

இந்த எண்ணைப் பல இடங்களில் 200 ஜீப் என்று எழுதுகிறார்கள். மொத்தம் 80 லட்சம் ரூபாய் என்றும் அவர்களே எழுதுகிறார்கள். கணக்குப் போடுங்கள். 300 பவுண் என்றால் 4,000 ரூபாய். 80 லட்சத்தை 4,000ஆல் வகுத்தால் 2,000 வரும். ஒரு பூச்சியம் எங்கேயோ உதிர்ந்துவிட்டது.

இப்போது மூலையில் எழுதிய எண்ணை எடுங்கள்.

புது ஜீப்: 2,500 ரூபாய்.

பழைய ஜீப்: 4,000 ரூபாய்.

அவசரப்படாதீர்கள். மேனனுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முதல் விலை போருக்கு நடுவில், பதினாறாயிரம் வண்டி மொத்தமாக எடுத்த விலை. இடையில் ஏழு வருடம். எல்லாப் பொருளும் ஏறியிருந்தது. அதோடு அமெரிக்காவில் வாங்க டொலர் வேண்டும். டொலருக்குத் தட்டுப்பாடு. இந்தியாவின் சேமிப்பு லண்டனில் பவுணாகக் கிடந்தது. பவுணில் விற்கிறவன் கிடைத்தால் கை அந்தப் பக்கம்தானே நீளும்?

இதெல்லாம் நியாயம்தான். ஆனால் பின்னாளில் கேட்டவர்கள் கேட்டதும் இதுதான்: அதே காசுக்கு அமெரிக்காவிலோ கனடாவிலோ புது ஜீப்பே கிடைத்திருக்குமே, பழையதை ஏன் எடுத்தீர்கள்?

அதைவிடப் பெரிய கேள்வி மேசையிலேயே கிடந்தது.

விற்கிற கம்பனி யார்?

ஆன்டி-மிஸ்டான்டஸ் என்று பெயர். அதற்கு முன் யாரும் அவ்வளவாகக் கேள்விப்பட்டதில்லை. அதன் மூலதனம் 605 பவுண்.

மீண்டும் வாசியுங்கள். 605 பவுண்.

அந்தக் கம்பனி தன் முழு மூலதனத்தையும் போட்டாலும், அது கேட்ட விலையில், இரண்டே இரண்டு ஜீப்தான் வாங்கலாம். ஐந்து பவுண் சில்லறை மிஞ்சும். அது 2,000 ஜீப் தருவதாகச் சொல்கிறது.

நம் ஊரில் ஒருவர் வந்து, “இறக்காமம் குளத்தடி வட்டை முழுக்க விதைநெல் தாறன், காசில் பெரும்பகுதிய இப்பவே தாங்க” என்று கேட்டால் என்ன செய்வோம்? முதலில் அவர் வீட்டு அட்டுவத்தைப் போய் எட்டிப் பார்ப்போம்.

மேனனுக்கு எட்டிப் பார்க்க நேரமில்லை.

ஹோலபேர்ட் வாசலில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கும் அவசரம்தான். ஐரோப்பா எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவர்கள் வண்டியைக் கண்ணால் பார்த்தார்கள், ஓட்டினார்கள், தூக்கினார்கள். பிறகுதான் காசு. இங்கே வண்டி கரையைத் தொடுவதற்கு முன்பே காசு புறப்பட்டுவிட்டது.

பேனா தாளைத் தொட்டது.

ஏன் கையெழுத்துப் போட்டார்? லஞ்சமா? அவர் பைக்குள் ஒரு சதம் போனதாக யாரும் நிறுவவில்லை. போனதாக எனக்கும் தோன்றவில்லை. ஒற்றை அறையில் தேநீரும் பன்னுமாக இருந்த மனிதருக்குக் கொமிஷன் எதற்கு? என் கணிப்பு வேறு. நாடு போரில் நிற்கிறது. தான் ஒருவன்தான் இங்கே நிற்கிறேன். நான் தாமதித்தால் அங்கே படை தாமதிக்கும். நான் நல்லவன், ஆகவே என் கையெழுத்தும் நல்லது. அவர் மனதில் இப்படித்தான் ஓடியிருக்கும்.

போகட்டும். துறைமுகம் காத்திருக்கிறது. சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தவரும் காத்திருக்கிறார்.

ஆனால் பழைய ஜீப்பை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் நாம் அங்கே நின்று என்ன பயன்? அதற்காக எங்கள் பக்கத்துக் கராஜ் ஒன்றுக்குப் போனேன். எழுபதைத் தொடுகிற ஒரு காக்கா. வாழ்க்கை முழுவதும் கிறீஸ் கையோடு இருந்தவர். கராஜின் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு பழைய வில்லிஸ் கிடக்கிறது. ஒரு சில்லுக்குப் பதில் மரக்குற்றி. பச்சைப் பெயின்ட் புதுசாகத்தான் தெரிந்தது.

“நல்லா இருக்கே காக்கா,” என்றேன்.

“தம்பி, பெயின்ட்டப் பார்க்காத. இஞ்ச வா.”

சாரதி ஆசனத்தின் மெத்தையை எடுத்தார். கீழே பெற்றோல் தாங்கி. ஜீப்பில் தாங்கி ஆசனத்துக்கு அடியில்தான். மூடியைத் திறந்து டோர்ச் அடித்தார். அடியில் சிவப்பாகச் சேறு மாதிரி.

“துரு. இது கார்புரேட்டருக்குப் போகும். ஒரு மைல் ஓடும், நிக்கும். திரும்ப ஒரு மைல், நிக்கும்.”

குனிந்து சட்டத்தின் அடியில் ஸ்குரூ டிரைவரால் குத்தினார். பெயின்ட்டுத் தோல் உடைந்து கம்பி உள்ளே போனது. அப்பம் குத்துகிற மாதிரி.

“வெளிய பச்ச. உள்ள ஒண்டுமில்ல.”

பிறகு முன் இழுவைக் கியர் இருக்கிற பெட்டியைக் காட்டினார். அதற்குள் பல் தேய்ந்திருந்தால் நாலு சில்லு இழுக்காது. நாலு சில்லு இழுக்காத ஜீப் மலைக்கு ஏறாது. மலைக்கு ஏறாத ஜீப்பை வைத்துக்கொண்டு படை என்ன செய்யும்? கடைசியாக டேஷ்போர்டில் ஒரு சின்னத் தகரப் பட்டையைத் துணியால் துடைத்தார். வண்டியின் இலக்கம். இராணுவத்திடம் ஒப்படைத்த தேதி. எண்பது வருடம் கடந்தும் எழுத்து மங்கவில்லை.

“இது மட்டும் பொய் சொல்லாது,” என்றார்.

சரி. இப்போது வாருங்கள். சென்னை.

மேனன் கல்லூரிக்குப் போன அதே நகரம். கப்பல் கட்டியாயிற்று. வண்டிகள் கரையில் வரிசையாக நிற்கின்றன. 2,000 அல்ல. 155.

பார்த்தார்கள்.

எத்தனை தேறியது?

ஒன்றுகூட இல்லை.

155இல் ஒன்றுகூடப் படைக்கு உதவாது என்றாகிவிட்டது. பழுது பார்த்து எடுப்பதும் பலனில்லை என்ற நிலை. காஷ்மீர் மலைக்குப் போக வேண்டியவை கடற்கரையை விட்டு நகரத் தகுதியில்லாமல் நின்றன.

மீதி 1,845?

வரவே இல்லை. கம்பனி கையை விரித்தது. பிறகு ஆளே அகப்படவில்லை. 605 பவுண் முதல் வைத்திருக்கிற ஒருவனை எங்கே போய்த் தேடிப் பிடித்து, எதை ஜப்தி செய்வது?

இதோடு முடிந்திருந்தால் இதை ஒரு சறுக்கல் என்று எழுதிவிட்டு அடுத்த வாகனத்துக்குப் போயிருப்பேன். சறுக்காத குதிரை ஏது?

முடியவில்லை.

நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தது. பொதுக் கணக்குக் குழு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணக்கைப் புரட்டியது. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவும் அமைந்தது. இதற்கிடையில், சென்னையில் நின்ற 155 ஜீப்பின் வெட்கம் ஆறுவதற்கு முன்னால், லண்டனில் அதே அலுவலகம் இன்னொரு தாளை எடுத்தது.

இந்த முறை கம்பனியின் பெயர் எஸ்.சி.கே. ஏஜென்சீஸ்.

1,007 ஜீப். மாதம் 68 என்று வந்துகொண்டே இருக்கும். முதல் கம்பனியால் வந்த நட்டத்தையும் ஈடு செய்து தருவார்களாம். கேட்கக் கேட்க இனிக்கிறது அல்லவா?

விலையைக் கேளுங்கள்.

ஒன்றுக்கு 458 பவுண் 10 ஷில்லிங்.

நம் கணக்கில் 6,100 ரூபாய்க்கு மேல். பட்லரில் பட்டினியோடு நின்ற பாண்டம்காரர்கள் கையாலே தட்டிச் செய்த முதல் வண்டியின் விலைக்கு ஏறக்குறைய முக்கால் பங்கு. ஆலையில் வரிசையாக வந்த புது ஜீப்பின் விலைக்கு இரண்டரை மடங்கு.

முதல் முறை கையைச் சுட்டுக்கொண்டவர் இரண்டாம் முறை அடுப்பில் கையை வைக்கும்போது என்ன நினைத்திருப்பார்? அதற்கு என்னிடம் ஒரு விடை இருக்கிறது. உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அடுத்த வாரம் பேசுவோம்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். சம்மாந்துறையிலோ, அக்கரைப்பற்றிலோ, இறக்காமத்திலோ உங்கள் வளவில் பழைய ஜீப் ஏதாவது கிடந்தால், டேஷ்போர்டில் அந்தத் தகரப் பட்டையைத் துடைத்துப் பாருங்கள். தேதி இருந்தால் குறித்து எனக்கு எழுதுங்கள். கோழி அடைகிறது என்று விட்டுவிடாதீர்கள்.

சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தவருக்கும் ஒரு துப்புத் தருகிறேன், இனி நடுச் சந்தியில் மறிக்க வேண்டியதில்லை. 1,007 ஜீப்பில், இரண்டு வருடம் காத்திருந்த பிறகு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவை, சென்னையில் இறங்கிய அந்த 155ஐ விடக் குறைவு. இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்ட மனிதர் 1957இல் இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சர்.

(தொடரும்)